கேள்வி ஏதுமில்லை

என் தம்பிக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தது எங்கள் ஜனத்தின் மரியாதைதான் என்று நான் பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள், தம்பி உள்ளே போனதிலிருந்து இந்தப் பொம்பளைக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது, பாவம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அன்றைக்குக் கோர்ட்டில் நடந்ததைப் பார்த்திருந்தால் அவர்களுக்கும் கழன்றிருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. துடியலூரில் மெயின் ரோட்டை ஒட்டி நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தவன் தம்பி ஒருத்தன்தான். அவன் மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தான். பெண்டாட்டி, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மண்டிக்கு வந்துபோகிற தரகர் ஒருவருக்கும் அவனுக்கும் ஒருநாள் எடை விஷயமாக வாய்த்தகராறு. அங்கே இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அந்தத் தரகர் மண்டிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் மண்டை உடைந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அன்றைக்கே போலீஸ் வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது.

தம்பி பெண்டாட்டியின் அண்ணன் பொள்ளாச்சியில் வக்கீல். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கிணற்றில் தண்ணீர் எடுக்கும் முறை, இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொலைக் கேஸ் ஒன்றுகூட நடத்தியதில்லை. கோயமுத்தூரில் நல்ல கிரிமினல் வக்கீலாகப் பார்த்து வைக்கலாம் என்று நான் முதல் நாளே சொன்னேன். ஐயோ, சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து என்ன குதி குதித்தது! லாக்கப்பில் இருந்த தம்பியே என்னிடம், "ஊட்டுல வக்கீலை வெச்சுக்கிட்டு வெளிய போய் நின்னா மச்சான் மனசு என்ன பாடுபடும்க்கா?" என்றான். மாட்டு டாக்டர் சொந்தக்காரர் என்பதற்காக அவரிடம் பல்லைப் பிடுங்கிக்கொள்கிற ஜனம் எங்கள் ஜனம். ஒற்றை ஆளாக நான் எத்தனை பேரிடம் கத்துவேன்? விட்டுவிட்டேன். அந்த ஒரு தடவை விட்டதற்காக இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

விசாரணையில் நிறைய பேர் சாட்சி சொன்னார்கள். எல்லோரும் முந்தின நாள் தகராறைத்தான் சொன்னார்கள். சம்பவத்தன்று தம்பி கையில் தடியோடு அந்தச் சந்திலிருந்து வெளியே போனதைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒரே ஒரு ஆள். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். மண்டிக்குப் பக்கத்தில் பாக்குத் தோப்பு வைத்திருந்தார். ஒருத்தர் வம்புக்கும் போகாதவர், பொய் பேசாதவர் என்று ஊரில் பேர். அதைவிடப் பெரிய கெரகம், அவரும் எங்கள் வக்கீலும் ஒரே கூட்டம். எங்கள் பக்கம் ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் பங்காளிகள். அதற்கு முன்னால் முகத்தைப் பார்த்திருக்காவிட்டாலும் அண்ணன் தம்பி, பெரியப்பன் சித்தப்பன் முறை வந்துவிடும். அந்தக் கணக்கில் பெரியவர் வக்கீலுக்குப் பெரியப்பா.

அரசாங்க வக்கீல் கேட்டதற்கெல்லாம் பெரியவர் பதில் சொன்னார். கடைசியில் என் தம்பியைக் காட்டி, "இந்தப் பையன்தானுங்க" என்றார். நீதிபதி எங்கள் வக்கீலைப் பார்த்தார். நான் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டேன். எங்கள் வக்கீல் எழுந்தார். அங்கியைச் சரிசெய்தார். சாட்சிக் கூண்டைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டார். பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, "கேள்வி ஏதுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கூண்டில் நின்ற பெரியவரும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டார். இது கோர்ட்டா கல்யாண மண்டபமா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் வக்கீலைப் பிடித்துக்கொண்டேன். முறைப்படி நான் அவரை மாமா என்று கூப்பிட வேண்டும். கோபத்தில் வாய் வரவில்லை.

"ஏனுங்க வக்கீலுங்க, ஒரு கேள்விகூடவா இல்லை?"

"அம்மணி, அவரு எனக்குப் பெரியப்பன் முறை. அத்தனை பேரு முன்னால, நீங்க பொய் சொல்றீங்கன்னு எப்படிக் கேக்கறது? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா மூஞ்சி பாக்க வேண்டாமா? நீ ஒன்னும் கவலப்படாத. ஒத்தச் சாட்சியை வெச்செல்லாம் தண்டிச்சுப்போட மாட்டாங்க."

தண்டித்துப் போட்டார்கள். ஆயுள் தண்டனை. சாட்சி சொன்னதை எதிர்த்தரப்பு மறுக்கவே இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தது. மறுக்க வேண்டியவர் கும்பிட்டுக்கொண்டு நின்றார் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

தம்பி பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சிக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வேறு எங்கே போவாள்? வக்கீல், "அப்பீல் போட்டுடலாம் அம்மணி" என்றார். மாதம் ஒன்று ஆனது, மூன்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் மாறிப் பொள்ளாச்சிக்குப் போவேன். இன்றைக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போவேன். வாசலில் கால் வைத்ததும், "வாங்க அம்மணி, மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்பார்கள். இலை போட்டுவிடுவார்கள். வக்கீலே பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பருப்பும் நெய்யும் ஊற்ற வைப்பார். வயிறு முட்டத் தின்றுவிட்டு அந்த வீட்டு மனிதனைப் பார்த்து எப்படிக் கத்துவது? பழங்களை வேறு பையில் போட்டுக் கொடுத்து பஸ் ஏற்றி விடுவார்கள். பஸ் கிளம்பிய பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை என்பது உறைக்கும்.

ஒருவழியாக மனு போட்டாயிற்று என்றார். என்ன மனு? அப்பீல் இல்லை. ஆட்கொணர்வு மனு. அதுதான் ஹைகோர்ட்டில் சீக்கிரம் நடக்கும் என்று எங்கேயோ படித்தாராம். விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்லி உள்ளே வைத்திருக்கிற ஆளைக் காணவில்லை, கொண்டுவந்து காட்டுங்கள் என்கிற மாதிரி ஒரு மனு! முதல் நாளே தள்ளுபடி செய்துவிட்டார்கள். அதற்குள் அப்பீல் போட வேண்டிய கெடுவும் தாண்டிப் போயிருந்தது. அன்றைக்கு இன்ஸ்டிடியூட்டில் ஒரு மிஷினின் கீயை நான் அடித்த அடியில் எழுத்து வளைந்துபோனது.

அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும் என்பார்கள். இனி நான்தான் என்று முடிவு செய்தேன். என்னிடம் டைப் படித்த பெண் ஒருத்தி மெட்ராஸில் ஒரு வக்கீலம்மாவிடம் வேலை பார்த்தாள். கேஸ் கட்டையெல்லாம் நகல் எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். வக்கீலம்மா முழுவதையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முக்கியமான சாட்சியே இவர் ஒருத்தர்தான். இவரைக் குறுக்கு விசாரணையே பண்ணலையே. ஏங்க, உங்க தரப்புல வக்கீல் இருந்தாரா இல்லையா?"

"இருந்தாருங்க. கும்பிட்டாருங்க."

நான் நடந்ததைச் சொன்னதும் அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிறகு கோபப்பட்டு, பிறகு நிதானமாக வழி சொன்னார். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு. அதோடு அப்பீல். வக்கீல் என்று ஒருத்தர் பெயருக்கு நின்றால் போதாது, அவர் வேலையைச் செய்யாததால் தம்பிக்கு முறையான விசாரணையே கிடைக்கவில்லை, அந்தச் சாட்சியை மறுபடி கூப்பிட்டுக் கேள்வி கேட்க விட வேண்டும் என்று வாதாடலாம். ஆனால் என் வக்கீல் எனக்காக ஒன்றும் செய்யவில்லை என்று தம்பி சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும்.

"அந்த வக்கீலே, நான் தப்பு பண்ணிட்டேன்னு எழுதிக் குடுத்தா இன்னும் பலம். ஆனா எந்த வக்கீல் தன் கையால அப்படி எழுதுவார்?" என்றும் சொன்னார்.

பத்திரத்தை நானே டைப் அடித்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனேன். அவனைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டு வெயிலில் காத்திருந்து, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று, பத்துப் பேர் கத்துகிற சத்தத்துக்கு நடுவில் நானும் கத்தி விஷயத்தைச் சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டான். இளைத்துப்போயிருந்தான்.

"மச்சானைப் பத்தி நான் அப்படி எழுத மாட்டேன்க்கா."

"ஏன்டா?"

"அவளும் பாப்பாவும் யாரு ஊட்டுச் சோத்தைத் தின்னுட்டு இருக்கறாங்க? நான் இங்க இருந்து கையெழுத்துப் போட்டுப் போடுவேன். மறுநாள் அந்த ஊட்டுல அவ எப்படி நிமிந்து நடப்பா?"

"நீ வெளிய வந்தா அவ உன்ற ஊட்டுச் சோத்தைத் திம்பாள்ல?"

"வரலைன்னா?"

நேரம் முடிந்துவிட்டது என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வெளியே வந்து மரத்தடியில் நின்று, மச்சான் மச்சான் என்று அவன் சொன்னதை நினைத்து நினைத்துப் பல்லைக் கடித்தேன். உள்ளே கிடந்து சாகிறவன் வெளியே இருக்கிறவர் மனசுக்கு விசிறிக்கொண்டிருக்கிறான்!

அந்த ஆத்திரத்தில்தான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். நேராக மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்து அந்தச் சாட்சிப் பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டேன். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பத்தடி தூரத்தில் நிற்கிறேன், பட்டப்பகல்.

"யாருங்க அது, ஆம்பளையா பொம்பளையா?" என்றார்.

கிட்டே போய் யார் என்று சொன்னேன். விரட்டுவார் என்று நினைத்தேன். "உக்காரு கண்ணு" என்றார்.

"ஐயா, அன்னைக்கு எந்தம்பி முகத்தைப் பாத்தீங்களா?"

"மொகத்தை எங்க கண்ணு பாத்தேன்? எனக்குத்தான் கண்ணுல பொரை விழுந்து நாலு வருசம் ஆச்சே. பச்சைச் சட்டை ஒன்னு சந்துல இருந்து போச்சு. சந்துக்கு அப்பால ரயில் தண்டவாளம் போகுதில்ல, அதுக்கு இந்தப்பக்கம் இருந்து பாத்தேன். எடை போடற பையன் அன்னைக்குப் பச்சைச் சட்டைதான்னு போலீஸ்காரரு சொன்னாரு. சரி, அவனாத்தான் இருக்கும்னு சொன்னேன்."

"இதைக் கோர்ட்டுல ஏனுங்கய்யா சொல்லலை?"

"கேட்டதுக்குச் சொன்னேன் கண்ணு. கேக்காததை நாமளா எப்படிப் பேசறது, கோர்ட்டுல? உங்க வக்கீல் பையன் எந்திரிச்சான். சரி, இப்பக் கேப்பான்னு பாத்துட்டே நின்னேன். அவன் கும்பிட்டுப்போட்டு உக்காந்துட்டான். நல்ல மரியாதி தெரிஞ்ச பையன்."

எனக்குச் சிரிப்பதா, அந்தக் கட்டில் காலில் தலையை முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் மோர் கொண்டுவரச் சொன்னார். குடித்தேன்.

போனில் சொன்னதும் மெட்ராஸ் வக்கீலம்மா கத்தினார். "சாட்சியை நேர்ல போய்ப் பாத்தீங்களா? சாட்சியைக் கலைச்சதா உங்க மேலயே கேஸ் வரும். இனி அந்தத் தெருவுக்கே போகாதீங்க. இதை எந்த மனுவுலயும் எழுத முடியாது. அவர் வாயால கோர்ட்டுலதான் வரணும். அதுக்குக் கோர்ட் அவரைத் திரும்பக் கூப்பிடணும்."

சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைக்குள் என்கிற கதைதான். திரும்பக் கூப்பிட வேண்டுமென்றால் பத்திரம் வேண்டும். பத்திரம் வேண்டுமென்றால், தம்பி மாட்டேன் என்ற பிறகு, பொள்ளாச்சி வக்கீலிடம்தான் போக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். "வாங்க அம்மணி, கை கழுவுங்க" என்றார்கள். நான் வெளி வராந்தாவிலேயே நின்றேன். தம்பி பெண்டாட்டி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேண்டாம்."

"தண்ணி மட்டுமாச்சுங்க அண்ணி..."

"இந்த ஊட்டுல எனக்குத் தண்ணியும் வேண்டாம்."

எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு வசவு இல்லை. தாயும் பிள்ளையுமாகப் பழகின வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்றால், உன் உறவே வேண்டாம் என்று பொருள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. வக்கீல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்ன அம்மணி இது, இப்படிப் பண்ற?"

பெரியவர் வீட்டுக்குப் போனதைச் சொன்னேன். கண்ணில் புரை என்றதைச் சொன்னேன். கேட்பான் என்று பார்த்துக்கொண்டே நின்றாராம் என்றதையும், மரியாதை தெரிந்த பையன் என்றதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார். தம்பி பெண்டாட்டி சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அண்ணனைப் பார்த்த பார்வையை நான் என்ன டைப் அடித்தாலும் எழுதிவிட முடியாது. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நான் எழுதித் தாரேன்" என்றார் வக்கீல். "மாப்ளை ஒன்னும் சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்."

சொன்னபடி அவர் கையாலேயே எழுதினார். கொலை வழக்கு நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. சாட்சி எனக்கு உறவுமுறையில் பெரியப்பா என்பதால் கூச்சப்பட்டு அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் தவறால் ஒருவர் சிறையில் இருக்கிறார். மூன்றே வரி. சக வக்கீல்கள் சிரிப்பார்கள், பார் அசோசியேஷனில் தலைகாட்ட முடியாது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினார். அன்றைக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். துடியலூர் வந்து அதை டைப் அடித்தபோது ஒரு எழுத்துக்கூடத் தப்பு விழவில்லை.

அதற்குப் பிறகும் ஹைகோர்ட் தன் வேகத்தில்தான் நடந்தது. எருமை மாட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி வாய்தா மேல் வாய்தா. கடைசியில் தண்டனையை ரத்து செய்து, அந்தச் சாட்சியை மறுபடி கூப்பிட்டு விசாரித்துப் புதிதாக முடிவெடுக்கச் சொல்லி வழக்கைக் கோயமுத்தூருக்கே திருப்பி அனுப்பினார்கள். பெரியவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நான் வேண்டாத சாமி இல்லை. அவர் வந்தார், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு. கோயமுத்தூரில் நாங்கள் வைத்த புது வக்கீல் நாலு கேள்வி கேட்டார். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்கு நாங்கள் ஐந்து வருடம் காத்திருந்தோம்.

விடுதலை என்று தீர்ப்பு வந்து, ஜெயிலில் எழுத்து வேலையெல்லாம் முடிந்து மறுநாள் காலையில் தம்பியை வெளியே விட்டார்கள். நான் ஜெயில் கேட்டுக்கு வெளியே நின்றேன். பொள்ளாச்சி வக்கீலும் தன் அம்பாசடர் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். தம்பி ஒரு துணிப்பையோடு வந்தான். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. வக்கீல் ஓடிப்போய்ப் பையை வாங்கினார்.

"வா மாப்ளை. ஊட்டுல அல்லாரும் காத்துட்டு இருக்கறாங்க."

"வாரேனுங்க மச்சான்" என்றான். ஆனால் காரில் ஏறவில்லை. "ஒன்னே ஒன்னு கேட்டுப்போட்டு வாரேனுங்க. பெரியவருகிட்டக் கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துதுன்னு எழுதினீங்க. செரிங்க. எங்கிட்ட ஏனுங்க கேக்கலை?"

"எதை மாப்ளை?"

"நீ செஞ்சியான்னு. அரெஸ்ட் ஆன அன்னையில இருந்து இத்தன வருசத்துல ஒருத்தரும் என்னைக் கேக்கலைங்க மச்சான்."

"அதை என்னன்னு மாப்ளை கேக்கறது? நீ செஞ்சிருக்க மாட்டேன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தாக் கேட்டிருப்பீங்க" என்றான். குரலை உயர்த்தவே இல்லை, ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை. "செஞ்சேன்னு சொல்லிப்போடுவனோன்னுதானுங்க அல்லாரும் பயந்தீங்க."

வக்கீல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தம்பி அவரைப் பார்த்துத்தான் சொன்னான், என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்ததும் எனக்காகத்தான் என்று தெரிந்தது. ஒரு கேள்வி கேட்காத பாவத்துக்கு அந்த மனிதனை நான் எத்தனை ஏசியிருப்பேன்! தண்ணீர்கூட வேண்டாம் என்றேனே! மாதா மாதம் அந்தக் கம்பி வலைக்கு முன்னால் நின்று சாப்பிட்டியா, தூங்கினியா, மருந்து வந்ததா என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நான் இன்னொருத்தரைப் பேசினேன்?

காரில் பின்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வக்கீல் முன்னால் ஓட்டினார். கார் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு கேட்டேன்.

"நீ செஞ்சியாடா?"

தம்பி என்னைப் பார்த்தான்.

"இல்லைக்கா" என்றான். சொல்லிவிட்டு, சின்ன வயதில் அழுகிற மாதிரி, சத்தமாக அழ ஆரம்பித்தான்.